பாவையா, பணியாளரா?

தமிழில் ‘பாவை’ என்னுஞ் சொல் பொம்மையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும், கண்ணின் கருமணியையும் குறிக்கும். ஒரு சொல்லுக்குள் இம்மூன்று பொருளும் அடங்கி நிற்பது மொழியின் வளம். ஆயின், அச்சொல்லைக் கேட்குங்கால் எப்பொருளை நெஞ்சில் முற்படக் கொள்வது என்பதில்தான் ஒரு மக்களினத்தின் பண்பாடு வெளிப்படும். கண்மணியென எண்ணிப் பாவை என்றால் அது போற்றுதல். ஆட்டுவித்தால் ஆடும் பொம்மையென எண்ணிப் பாவை என்றால் அது இழித்தல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு கோட்டின்மேல்தான் இற்றை உலகின் ஒளிமிக்க தொழில்களுள் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. புத்தாடையை உடுத்து மேடைமேல் நடந்து காட்டியும், ஒளிப்படக் கருவியின்முன் நின்றும், பிறர் விற்கும் பொருளுக்குத் தம் உருவை ஈந்தும் ஊதியம் பெறுவோரை ‘மாடல்’ என்று அயற்சொல்லாலேயே பலரும் வழங்குகின்றனர். ஒயிலாளர் என்று அவரைத் தமிழில் அழைக்கலாம். அவர்தம் தொழிலை ஒயிற்றொழில் எனலாம்.

பெயரைப் பற்றிய ஆராய்ச்சி இங்கு வீண் ஆராய்ச்சி அன்று. பிரெஞ்சு மொழியில் ஒயிலாளரைக் குறிக்கும் சொல் ‘மானெகென்’ என்பது. அச்சொல் டச்சு மொழியில் ‘சிறு மாந்தன்’ எனப் பொருள்படும் ஒரு சொல்லினின்று பிறந்தது. முதலில் அது துணி போர்த்திய பொம்மையையே குறித்தது. பாரிசு நகரின் புதுப்பாங்கு உடைகளைச் சிறு பொம்மைகளுக்கு உடுத்தி ஐரோப்பிய அரண்மனைகளுக்கு அனுப்பும் வழக்கம் முற்காலத்தே இருந்தது. பின்னர்ப் பொம்மையின் இடத்தில் உயிருள்ள பெண் வந்து நின்றாள். பெண் வந்த பின்னும் பொம்மையின் பெயர் போகவில்லை! பெயர் போகாதது போலவே பொம்மைக்குரிய நடத்தையும் போகவில்லை என்பதே இத்தொழிலின் வரலாறு.

1858-ஆம் ஆண்டு, சார்லசு பிரெடரிக் வொர்த்து என்னும் ஆங்கிலேயர் பாரிசில் கூட்டாளி ஒருவருடன் ஆடையகம் ஒன்றை நிறுவினார். அவர்தம் மனைவி மேரி வெர்னே, துணிக்கடையொன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர். கணவர் வடித்த உடைகளை வாங்குவோர் கண்முன் தாமே உடுத்துக் காட்டினார். உலகின் முதல் ஒயிலாளர் என வரலாற்றாசிரியர் பலரும் சுட்டுவது அவரைத்தான். அரசியரும் பெருமாட்டியரும் வொர்த்தின் உடைகளை நாடி வந்ததில் அவ்வம்மையாரின் உழைப்புக்கும் பங்கு உண்டு. எனினும் ஆடையகத்தின் முகப்பில் பொறிக்கப்பெற்றது யார் பெயர்? கணவர் பெயர்தானே! உடையை உருவாக்கியவர் கலைஞர். உடுத்துக் காட்டியவர் உடையைத் தாங்கும் கோல். அன்று தோன்றிய இவ்வேற்றுமை இன்றளவும் மறையவில்லை.

ஒயிற்றொழிலை இழிதொழில் என ஒதுக்குவோர் ஒரு சாரார். வானுலக வாழ்வென மயங்குவோர் மற்றொரு சாரார். இருசாராரும் ஓருண்மையைக் காண மறுக்கின்றனர். அது தொழில், வெறுந் தொழில்! பனிக்காலத்தில் கோடையுடையும், கோடையில் கம்பளியும் அணிந்து மணிக்கணக்கில் நிற்கும் உழைப்பு அது. ஒரே அசைவை நூறு முறை சலியாது செய்யும் பயிற்சி அது. நாளொன்றில் பல இடங்கட்குச் சென்று, தேர்வாளர் முன் வரிசையில் நின்று, ‘வேண்டா’ என்னும் ஒற்றைச் சொல்லை முகங்கோணாது ஏற்றுத் திரும்பும் பொறுமை அது. நெசவாளியின் கையும் தையற்காரரின் கண்ணும் எவ்வாறு உழைக்கின்றனவோ, அவ்வாறே ஒயிலாளரின் உடல் உழைக்கிறது. உழைப்பு என்று ஒப்புக்கொண்டால் உரிமையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதனாலேயே அதனை உழைப்பென ஒப்ப வணிகவுலகம் நெடுங்காலம் மறுத்தது.

இத்தொழிலுக்கு இடைநின்று ஆள்சேர்க்கும் முகவாண்மை நிறுவனம் அமெரிக்காவில் 1923-இல் சான் இராபர்ட்டு பவர்சு என்பவரால் நியூயார்க்கில் தொடங்கப்பெற்றது. 1946-இல் அயிலீன் போர்டும் அவர்தம் கணவரும் அந்நகரிலேயே மற்றொன்றைத் தொடங்கினர். அக்காலத்தில் வேலை முடிந்து திங்கள் பல கழிந்த பின்னரே ஒயிலாளர்க்குப் பணம் வரும். சிலபோது வாராமலும் போகும். போர்டு இணையர் தம் கைப்பணத்தை முன்கூட்டியே ஒயிலாளர்க்கு ஈந்து, பின்னர் வணிகரிடம் தண்டிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தனர். உழைத்தவர்க்கு உரிய காலத்தில் கூலி என்னும் எளிய நெறியே அவர்தம் நிறுவனம் ஓங்கியதற்குரிய கரணியங்களுள் ஒன்றாயிற்று. முறையோடு நடப்பதும் வணிகத்திற்கு ஆக்கமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, இத்தொழிலில் புக விழையும் இளைஞர் அறியவேண்டுவது யாது? மெய்யான வாயிலும் பொய்யான வாயிலும் அருகருகே உள்ளன. பொய்யான வாயிலில்தான் விளக்கு மிகுதி! மெய்யான வாயில் மிக எளியது. ஒப்பனையின்றி, வெறுஞ் சுவரின் முன், பகலொளியில் எடுத்த சில ஒளிப்படங்கள் போதும்: முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழுவுருவம் ஒன்று. உயரமும் உடலளவுகளும் மெய்யாகக் குறிக்கப்பெறல் வேண்டும். தக்க நிறுவனம் இவற்றைக் கண்டே தேர்ந்துவிடும். மேடைநடைக்குப் பெண்டிர் ஏறத்தாழ 5¾ அடியும் ஆடவர் 6 அடிக்கு மேலும் இருத்தல் வேண்டுமென்பது மேலைநாட்டு வழக்கு. விளம்பரப் படத்திற்கோ இக்கட்டு அத்துணை இறுக்கமானதன்று. அகவை முதிர்ந்தாரும், பருத்த உடலினரும், கைகளை மட்டும் காட்டி நிற்போரும் அங்கு வேலை பெறுகின்றனர். தேர்ந்த நிறுவனம் அவர்க்கு வேலை தேடித் தந்து, வரும் ஊதியத்தில் ஒரு பங்கைத் தரகாகக் கொள்ளும். அமெரிக்காவில் அப்பங்கு பொதுவாக 20 விழுக்காடு. வேலை தந்த வணிகரிடமும் அது தனியே ஒரு கட்டணம் பெறும்.

பொய்யான வாயில் இதற்கு நேர்மாறானது. ‘உன் முகத்தில் ஒளி இருக்கிறது’ என்று அது தொடங்கும். ‘ஒளிப்படத் தொகுப்பு எடுக்கவேண்டும், பயிற்சி பெறவேண்டும், பெயர் பதியவேண்டும்’ என்று தொடரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கேட்கும். தொகை தீர்ந்ததும் வாயில் அடைபடும். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நூலும் கற்கவேண்டுவதில்லை. பணம் எப்பக்கமிருந்து எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும். உழைப்பவரை நோக்கி ஓடினால் அது தொழில். உழைப்பவரிடமிருந்து ஓடினால் அது சூழ்ச்சி. வயலுக்குக் கூலியாளை அழைத்தவன் அவனிடமே களைக்கொட்டுக்கு விலை கேட்பதுண்டோ? தாலியை அடகு வைத்தேனும் மகளின் படத்தொகுப்புக்குப் பணங்கட்ட முனையும் தாய், இவ்வொரு வினாவை எழுப்பினாலே போதும். பாதி ஏமாற்று அங்கேயே அற்றுப்போகும்.

மெய்யான வாயிலுக்குள்ளும் முள் உண்டு. அயல்நாட்டு இளம்பெண்ணை அழைத்துவரும் நிறுவனம் வானூர்திச் செலவைத் தான் கட்டும், தங்க அறை தரும், ஒளிப்படம் எடுப்பிக்கும். அவையெல்லாம் கொடையென அவள் எண்ணுவாள். அவையெல்லாம் அவள் பெயரில் கடனாக எழுதப்படுகின்றன என்பது முதல் ஊதியம் வருங்கால்தான் தெரியும். ஓரறையில் பலர் அடைபட்டுத் தங்க, ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் குடிக்கூலி பெறுவதும் உண்டு. தாமே ஒயிலாளராக இருந்து பின் குமுகாயவியல் அறிஞரான ஆசுலி மியர்சு என்னும் அம்மையார் 2011-இல் வெளியிட்ட தம் ஆய்வுநூலில் இத்தொழிலின் கணக்கை விரித்துக் காட்டியுள்ளார். பெயர்பெற்ற இதழ்களின் பக்கங்களில் தோன்றுவது புகழ் தரும். பணமோ மிகச் சிறிது, சிலபோது ஒன்றுமே இல்லை. விலைப்பட்டியலில் சட்டையும் காலுறையும் அணிந்து நிற்பது புகழ் தாராது, சோறு தரும். இதனை முன்னரே அறிந்து புகுபவர் ஏமாறார்.

பணத்தை இழப்பது ஒன்று. உயிரை இழப்பது மற்றொன்று. 2006-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், உருகுவே நாட்டுத் தலைநகரில், 22 அகவை ஒயிலாள் ஒருத்தி மேடையில் நடந்து இறங்கியதும் சாய்ந்து உயிர் நீத்தாள். அவ்வாண்டு நவம்பரில் பிரேசிலில் 21 அகவையினள் ஒருத்தி, உணவை மறுக்கும் நோயால் மாண்டாள். ஆடை உடலுக்காக என்பது போய், உடல் ஆடைக்காக என்றானதன் விலை அது! அவ்வாண்டே மத்ரித்து நகரின் ஆடைக்காட்சியினர், எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துவரும் எண் 18-க்குக் கீழுள்ளோரை மேடையேற்ற மறுத்தனர். 2012-இல் இசுரேல் அவ்வெண்ணை 18.5 எனச் சட்டத்திலேயே வரையறுத்தது. பிரான்சில் 2017 முதல் ஒயிலாளர்க்கு மருத்துவர் சான்று வேண்டும். சான்றின்றி வேலை கொள்வார்க்குச் சிறையும், 75,000 யூரோ வரை தண்டமும் உண்டு. உடலைப் பருக்கவோ மெலிக்கவோ திருத்தப்பெற்ற விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பெற்ற படம்’ என்று பொறிக்கவேண்டும் என்பதும் அவ்வாண்டு அக்தோபர் முதல் அங்கே சட்டம்.

பிரான்சின் சட்டத்தில் இதனினும் சிறந்த கூறு ஒன்று உண்டு. ஒயிலாளரை வேலைக்கு அமர்த்துவோர் எப்பெயரிட்டு ஒப்பந்தம் எழுதினும், அவர் ஊதியம் பெறும் தொழிலாளரே என அது கொள்ளும். அமெரிக்காவிலோ நிலை வேறு. ஆங்கு ஒயிலாளர் ‘தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர்’ எனப்பட்டார், முகவாண்மையினர் ‘யாம் வேலை வாங்கித் தருவோர் அல்லேம், வாழ்வை மேலாண்மை செய்வோர்’ எனத் தம்மைச் சொல்லிக்கொண்டு, வேலைவாய்ப்பு நிறுவனங்கட்குரிய உரிமக் கட்டுப்பாட்டினின்று நழுவினர். ஒரு சொல்லை மாற்றியதனால் ஒரு சட்டமே செயலற்றது! சொல்லில் என்ன இருக்கிறது எனக் கேட்போர் இதனை எண்ணிப் பார்க்க.

அந்நிலையை மாற்றியவர் ஒயிலாளரே. சாரா சிப்பு என்னும் ஒயிலாளர் 2012-இல் நியூயார்க்கில் ஒயிலாளர்க்கென ஓர் அமைப்பை நிறுவினார். 2013-இல், 18 அகவைக்குட்பட்ட ஒயிலாளர்க்கும் சிறார் கலைஞர்க்குரிய பாதுகாப்பு அம்மாநிலத்தில் கிட்டியது. 2024 திசம்பரில் ஆடையழகுத் தொழிலாளர் சட்டம் கையொப்பமாகி, 2025 சூன் 19-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கூறுவன தெளிவானவை: நிறுவனம் அரசிடம் பதிய வேண்டும், சேருங்கால் முன்பணம் கேட்கலாகாது, தரகு 20 விழுக்காட்டை மிஞ்சலாகாது, ஒப்பந்தக் காலம் 3 ஆண்டுக்கு மேற்படலாகாது, நாளில் 8 மணி நேரத்தை மீறிய வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி வேண்டும், ஒயிலாளரின் நலனையே நிறுவனம் முற்படக் கருதவேண்டும். பொம்மையெனக் கருதப்பட்டோர் ஒன்று கூடி வாய் திறந்தமையால் விளைந்த சட்டம் இது. வாய் திறக்கும் பொம்மை உலகில் இல்லை. வாய் திறந்த அன்றே அது பணியாளர் ஆகிவிடுகிறது.

தமிழர் சிறப்பாகக் கருதவேண்டிய மற்றொன்று நிறம். ‘வோகு’ என்னும் அமெரிக்க இதழ் 1892-இல் தோன்றியது. அதன் அட்டையில் கறுப்பினப் பெண்ணொருத்தி, பெவர்லி சான்சன், முதன்முதல் இடம்பெற்றது 1974 ஆகத்தில். அஃதாவது 82 ஆண்டுகள் கழித்து! அவ்விதழின் பிரெஞ்சுப் பதிப்பில் நவோமி கேம்பல் இடம்பெற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. தென்சூடானின் திங்கா இனத்தவரான அலெக்கு வெக்கு, உள்நாட்டுப் போருக்குத் தப்பி 1991-இல் இலண்டன் அடைந்தவர்; 1995-இல் அந்நகரச் சந்தையொன்றில் ஒயிற்றொழிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவர்தம் ஆழ்ந்த கருநிறத்தைக் கண்டு, தாமும் அழகியரே என உணர்ந்த கருநிறச் சிறுமியர் பலர்.

சங்கச் சான்றோர் பெண்ணின் அழகைப் பாடுங்கால் மாமை என்றனர். மாந்தளிர் போலும் நிறம் அது. வெளிறிய பசலை படர்வதை அவர்கள் நோயின் குறியாகவே பாடினர். அத்தகு மரபில் வந்தோர் வாழும் நாட்டில் 1975-இல் ‘பேர் அண்டு லவ்லி’ என்னும் வெளுப்புக் களிம்பு விற்பனைக்கு வந்தது. கரிய முகம் வேலையும் மணமகனும் பெறாது வாடுவதையும், வெளுத்த முகம் இரண்டையும் பெற்று மகிழ்வதையும் அது விளம்பரத்தில் காட்டிற்று. கருமையை அழகெனப் போற்றும் இயக்கம் ஒன்று சென்னையிலிருந்து 2009-இல் எழுந்தது. கருநிறத்தாரைத் தாழ்த்திக் காட்டலாகாது என விளம்பரத் துறையினரின் தரக்குழு 2014-இல் நெறி வகுத்தது. 2020-இல் அக்களிம்பின் பெயரே மாறிற்று. பெயர் மாறியது, பார்வை மாறிற்றா? தமிழகத்துத் துணிக்கடையும் நகைக்கடையும் வைக்கும் விளம்பரத் தட்டிகளை அண்ணாந்து பார்ப்பார்க்கு விடை தெரியும். வாங்குவோர் நிறம் ஒன்று. வாங்கச் சொல்வோர் நிறம் மற்றொன்று. வடபுல முகத்திற்குத் தமிழ்க்குரலை ஒட்டவைத்து, தமிழ்ப்பெண்ணுக்கே பட்டுப்புடவை விற்கப்படுகிறது! வடபுலப் பெண் மீது குறையில்லை. அவளும் உழைத்து உண்பவளே. குறை, தன் ஊர் முகத்தைத் தன் ஊரிலேயே காட்ட நாணும் வணிகரிடத்தும், அதனைக் கேளாதிருக்கும் மக்களிடத்துமே உள்ளது.

இவ்வளவும் போதாவென்று இப்போது பொம்மை மீண்டும் வந்துள்ளது. செயற்கை அறிவுப்பொறி, பிறவாத பெண்ணின் படத்தை நொடியில் படைத்துத் தருகிறது. 2025-இல் ‘எச் அண்டு எம்’ என்னும் சுவீடிய ஆடை நிறுவனம் 30 ஒயிலாளரின் மின்னுருப் படிகளைச் செய்விக்க முனைந்தது. அவ்வாண்டு ஆகத்து ‘வோகு’ இதழில் வந்த ‘கெசு’ நிறுவன விளம்பரத்தில் நின்ற பெண் பொறியின் படைப்பு. பொம்மையின் இடத்தில் பெண்ணை நிறுத்தித் தொடங்கிய தொழில், பெண்ணின் இடத்தில் பொம்மையை நிறுத்த முற்படுகிறது. பொம்மை பசிக்காது, கூலி கேளாது, கழகம் அமைக்காது. மெய்யான ஒயிலாளரின் உருவைப் படியெடுப்பதாயின் அதற்குத் தனியே எழுத்து வடிவில் இசைவு பெறவேண்டும், பயனும் ஊதியமும் அதிலேயே குறிக்கப்பெறவேண்டும் என நியூயார்க்குச் சட்டம் விதித்திருப்பது காலம் அறிந்து செய்த காப்பு.

இந்தியாவில் செய்யவேண்டுவது யாது? சிறார் உழைப்புச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2017-ஆம் ஆண்டு விதிகளும், 14 அகவைக்குட்பட்ட சிறார் கலைஞரை நாளில் 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்கின்றன; ஊதியத்தில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வைப்பகத்தில் இடப்பெற வேண்டும் என்கின்றன. நல்ல நெறி. இத்துணைத் தெளிவான நெறி 19 அகவை நங்கைக்கும் நம்பிக்கும் எங்கே? சேருங்கால் பணம் கேட்பது குற்றமாதல் வேண்டும். தரகுக்கு வரம்பு வேண்டும். வேலை முடிந்து இத்தனை நாளுள் ஊதியம் என்னும் கெடு வேண்டும். உருவைப் படியெடுக்க இசைவு வேண்டும். ஒப்பந்தம், கையொப்பமிடுவார் படித்தறியும் மொழியில் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் அம்மொழி தமிழே. புரியாத மொழியில் இட்ட கையெழுத்து, கட்டைவிரல் மைபூசிய கைந்நாட்டினும் இழிந்தது. ஏனெனின், கைந்நாட்டு இடுபவர் தமக்கு எழுத்தறியாமை உண்டென்பதையேனும் அறிவார்.

சட்டம் வருமளவும் பெற்றோர் வாளா இருத்தலாகாது. மகனோ மகளோ இத்தொழிலை விரும்பின், ‘குலம் கெட்டது’ எனக் கதவடைப்பதால் பயனில்லை. அடைத்த கதவின் பின்புறமாக ஓடும் பிள்ளையைத்தான் பொய்யான வாயிலோன் எதிர்நோக்கி நிற்கிறான். உடன் செல்லுங்கள்; ஒப்பந்தத்தைப் படியுங்கள்; படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; படப்பிடிப்பு எங்கு, எந்நேரம், யார் உடனிருப்பர் என வினவுங்கள். வினாவுக்குச் சினப்பவனிடம் பிள்ளையை விடாதீர். கல்வியை இடைநிறுத்தாதீர், இத்தொழிலின் இளமை குறுகியது, வாழ்வோ நெடியது. உடல் மெலியச் சொல்பவனை மருத்துவர் முன் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

இளையோர்க்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அழகாய்ப் பிறந்தது யார் உழைப்புமன்று; அழகைக் கொண்டு உழைப்பது உழைப்பே. அவ்வுழைப்புக்குக் கூலி கேட்பதில் நாணம் வேண்டா; கூலி தாராதவனே நாணவேண்டும். கொல்லிமலைப் பாவை தன்னைக் கண்டாரை மயக்கிக் கொன்றது என்பர் பழையோர். இற்றை நாளில் கொல்லப்படுவது பாவையே. மயக்குவது அவளை முன்னிறுத்திப் பொருளீட்டுவோர் கை. அக்கையை அடையாளங் காணும் அறிவும், அதனைத் தடுக்கும் ஒற்றுமையும் பெற்றோர் எவரும் பொம்மை ஆகார். கண்ணின் பாவை பிறரால் பார்க்கப்படுவதற்கு மட்டும் அமைந்ததன்று. தான் பார்ப்பதற்கே அமைந்தது. தமிழ்ப் பாவையர் விழித்துப் பார்ப்பாராக!